கண்ணாடித் தொட்டியில் மாகூர்க் குஞ்சுகள்: முதல் பதினான்கு நாட்கள்

பீகார், மேற்கு வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களின் மீன் சந்தைகளில், சிறிதளவே நீர் ஊற்றிய அகன்ற பாத்திரங்களில் கரிய நிறமுள்ள மீன்கள் நெளிந்துகொண்டிருப்பதைக் காணலாம். மற்ற மீன்கள் பனிக்கட்டியின்மேல் உயிரற்றுக் கிடக்க, இவை மட்டும் வாங்குவோரின் வீடு சேரும் வரையிலும் உயிருடன் இருக்கின்றன. மாகூர் என்று அப்பகுதிகளில் வழங்கும் கெளுத்தி இனம் இதுவே. நோயினின்று எழுந்தவருக்கு இம்மீனின் குழம்பை அளிப்பது வங்காளத்தில் நெடுங்கால வழக்கம். பீகாரின் மாநில மீனும் இதுவே ஆகும்.

சேற்றிலும் தேங்கிய நீரிலும் பிழைத்திருக்கக்கூடிய மீன் என்பதனால், இதன் குஞ்சுகளும் எவ்விதக் கவனிப்புமின்றி வளர்ந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் மாகூர்க் குஞ்சு மிகவும் மென்மையான உயிர். வளர்ந்த மீன் வருத்தமின்றி வாழும் நீரில் அதன் குஞ்சு ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், ஒரு சாதாரணக் கண்ணாடித் தொட்டியிலேயே இக்குஞ்சுகளை வெற்றியுடன் வளர்க்க இயலும். அறியாவிடில், நூறு குஞ்சுகளும் ஓர் இரவில் மடிந்துபோவதும் உண்டு.

காற்றைச் சுவாசிக்கும் மீன்

மாகூரின் தலையினுள், செவுள்களுக்கு மேலாக, இருபுறமும் ஓர் அறை அமைந்துள்ளது. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து கிளைத்தெழும் உறுப்பு ஒன்று அவ்வறையில் சிறு மரம்போல் விரிந்து நிற்கிறது. அதன் கிளைகளின் மேல்தோலில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கும்போது, அக்காற்றிலுள்ள பிராணவாயு இவ்வுறுப்பின் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. நீரில் கரைந்த பிராணவாயு மிகக் குறைந்துபோன குட்டைகளிலும் மாகூர் வாழ்வதற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் தேளி எனவும் வடக்கே சிங்கி எனவும் வழங்கும் மீனும் காற்றைச் சுவாசிப்பதே. ஆனால் அதற்கு மரவடிவ உறுப்புக்குப் பதிலாக, முதுகெலும்பின் இருபுறமும் பின்னோக்கி நீளும் இரண்டு காற்றுக் குழல்கள் உள்ளன.

இங்கே முக்கியமாகக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. பொரித்து வெளிவரும் குஞ்சுக்கு இந்த உறுப்பு இல்லை. அது சிறிது சிறிதாகவே உருவாகிறது. ஏறத்தாழ பத்துப் பதினொரு நாட்கள் சென்ற பின்னரே குஞ்சு மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கத் தொடங்குகிறது. அதுவரையில் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மட்டுமே நம்பி, மெல்லிய தோலாலும் வளர்ந்துவரும் செவுள்களாலும் அது உயிர் வாழ்கிறது. எனவே, இக்குஞ்சினை முதல் பத்து நாட்களும் தெளிந்த ஓடை நீர் மீனைப்போல் போற்றுதல் வேண்டும். வளர்ப்பு முறைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அரிதாகிவரும் இனம்

1822-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இம்மீனை விவரித்து, மாகூர் என்னும் நாட்டுப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரிலும் சேர்த்தார். பின்னர் நெடுங்காலம் இது ஜாவாத் தீவின் கிளாரியஸ் பட்ராக்கஸ் என்னும் இனத்துடன் ஒன்றாகவே கருதப்பட்டது. இப்பொழுது இரண்டும் வெவ்வேறு இனங்கள் எனத் தெளிவுபட்டு, இந்திய மீன் கிளாரியஸ் மாகூர் என்றே அழைக்கப்படுகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் நிலையிலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்துள்ளது. சதுப்பு நிலங்களும் வயலோரக் குட்டைகளும் தூர்க்கப்படுவதால் இதன் வாழிடம் குறைந்து வருகிறது.

இயற்கையில் மாகூர் மழைக்காலத்தில் இனம் பெருக்குகிறது. ஆழமற்ற நீரில், புல் செறிந்த கரையோரப் பள்ளங்களில் முட்டையிடும். ஆண் மீன் அவற்றைக் காத்து நிற்கும். செயற்கை முறையில் இதன் குஞ்சுகளைப் பெறுவது எளிதன்று. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார். அந்நாள் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சிங்கி மீனில் இத்தகைய வெற்றி 1956-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. மாகூரையும் ஊசி மருந்தால் முட்டையிடும் பருவத்துக்குக் கொண்டுவர முடியும். ஆயினும் ஓர் இடர் உண்டு. கெண்டையின் வயிற்றை மெல்ல அழுத்தினால் ஆணின் விந்து வெளிவரும். மாகூரில் அவ்வாறு வருவதில்லை. ஆண் மீனைக் கொன்று, விந்துச் சுரப்பியை வெளியே எடுத்து, அரைத்துக் கலந்தே முட்டைகளைக் கருவுறச் செய்கின்றனர். ஆகவே பொரிப்பகத்திலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதிக் குஞ்சுக்கும் ஒரு தந்தை மீனின் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அக்குஞ்சுகளைக் கவனக்குறைவால் இழப்பது இருமடங்கு நட்டமாகும்.

தொட்டியும் நீரும்

அறுபது செண்டிமீட்டர் நீளமும் முப்பது செண்டிமீட்டர் அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. இதனை விளிம்புவரை நிரப்புதல் தவறு. பத்து செண்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்ற வேண்டும். அப்பொழுது தொட்டியில் 18 லிட்டர் நீர் இருக்கும். இவ்வளவுக்கு நூறு குஞ்சுகளுக்கு மேல் இடாதிருத்தல் நன்று. பொரிப்பகங்களில் இதனினும் நெருக்கமாக வளர்க்கின்றனர். ஆனால் அங்கே நீர் இடையறாது ஓடிக்கொண்டிருப்பதையும், பயிற்சி பெற்ற பணியாளர் காவலிருப்பதையும் மறத்தலாகாது.

குழாய் நீரை ஓர் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, அதிலுள்ள குளோரின் நீங்கிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். ஆழ்கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். அதனையும் சில மணி நேரம் காற்றூட்டியே பயன்படுத்த வேண்டும். சிறு காற்றுப் பம்பிலிருந்து வரும் குமிழிகள் மெல்லியனவாக இருத்தல் அவசியம். வலிய ஓட்டத்தில் குஞ்சுகள் அலைக்கழிந்து களைத்துப்போகும். பஞ்சு வடிகட்டி பொருத்தினால் காற்றூட்டமும் வடிகட்டலும் ஒருங்கே நிகழும். குஞ்சுகள் உறிஞ்சப்பட்டு மடிவதும் இல்லை.

நீரின் உஷ்ணநிலை 27 முதல் 30 டிகிரி வரை இருப்பது உகந்தது. தொட்டியை வெயில் படும் சன்னலோரம் வைத்தலாகாது. அடியில் மணலும் கூழாங்கல்லும் பரப்ப வேண்டுவதில்லை. அவற்றின் இடுக்குகளில் எஞ்சிய உணவு தங்கி அழுகும். வெறுந்தரையே சிறந்தது, ஏனெனில் அதில் அழுக்கு உடனே கண்ணுக்குத் தென்படும்.

முதல் நான்கு நாட்கள்

கருவுற்ற முட்டை, தக்க உஷ்ணநிலையில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சு ஐந்து மில்லிமீட்டர் அளவே நீளமுள்ளது. அதன் வயிற்றின் கீழ் மஞ்சட்கருப் பை ஒன்று தொங்கும். மூன்று நான்கு நாட்களுக்கு இதுவே அதன் ஆகாரம். இந்நாட்களில் வெளியிலிருந்து எவ்வித உணவும் இடுதல் கூடாது. குஞ்சு உண்ணாததால் பசியால் வாடுகிறது என எண்ணி, இரக்கத்தால் உணவிடுவோரே பெரும்பாலும் முதலில் தம் குஞ்சுகளை இழக்கின்றனர்.

குஞ்சுகள் ஒளியை வெறுக்கும். தொட்டியின் இருண்ட மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இது நோயன்று, அவற்றின் இயல்பே. எனினும் குவியலின் அடியிலிருக்கும் குஞ்சுகளுக்குப் பிராணவாயு போதாமற் போகலாம். தொட்டியின் ஒரு பாதியைக் கரிய துணியால் மூடி, நிழல் அகலமாகப் பரவுமாறு செய்தால் குஞ்சுகளும் பரவித் தங்கும். நான்கைந்து சிறு மண்ணோட்டுத் துண்டுகளைக் கழுவி ஆங்காங்கே கவிழ்த்து வைப்பதும் பயன் தரும்.

பொரிக்காத முட்டைகளும் முட்டைத் தோல்களும் தொட்டியில் இருப்பின் அவற்றை அன்றே நீக்க வேண்டும். அவற்றின்மேல் வெண்பஞ்சுபோல் பூஞ்சணம் படரும். அது உயிருள்ள குஞ்சுகளுக்கும் பரவக்கூடும். மடிந்த குஞ்சுகளைக் காலையிலும் மாலையிலும் தேடி அகற்றுதலும் இன்றியமையாதது.

உயிருள்ள உணவு

மஞ்சட்கருப் பை சுருங்கியதும் குஞ்சு இரை தேடத் தொடங்கும். நான்கு இணை மீசைகளும் அப்போது நன்கு தெரியும். கண்ணைவிட மீசைகளையே நம்பி அது அடித்தரையைத் துழாவும். இப்பருவத்தில் அதன் இரைப்பை முழுமை பெறுவதில்லை. ஆகவே உலர்ந்த மாவு உணவை அதனால் நன்கு ஜீரணிக்க இயலாது. அசையும் சிற்றுயிர்களே அதற்கு ஏற்ற உணவு.

இவற்றுள் மூன்று வகைகள் எளிதில் கிடைப்பவை. முதலாவது, ஆர்ட்டீமியா என்னும் உப்பு நீர்ச் சிற்றிறால். இதன் உலர்ந்த முட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பைக் கரைத்து, முட்டைகளையிட்டுக் காற்றூட்டினால், ஏறத்தாழ ஒரு நாளில் ஆரஞ்சு நிறச் சிற்றுயிர்கள் வெளிவரும். மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசி, சிறிதளவே இட வேண்டும். ஏனெனில் நன்னீரில் இவை சில மணி நேரமே உயிர் வாழும். எஞ்சியவை மடிந்து நீரைக் கெடுக்கும். இரண்டாவது, மொய்னா எனப்படும் நீர்த்தெள்ளு. இது நன்னீர் உயிராதலால் உண்ணப்படும் வரை தொட்டியில் உயிருடன் இருக்கும். வீட்டுக்குப் பின்புறம் ஒரு தொட்டியில் பசுமை படர்ந்த நீரில் இதனை வளர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, டியூபிஃபெக்ஸ் என்னும் செந்நிற மென்புழு. முதல் வாரம் கழிந்த பின், ஓடும் நீரில் நெடுநேரம் அலசி, மிகப் பொடியாக நறுக்கி இடலாம்.

குளத்து நீரை அப்படியே மொண்டு ஊற்றுவது பேரிடர் தரும். தும்பியின் இளம்புழுக்களும் வேறு நீர்ப்பூச்சிகளும் அதில் வந்து சேரும். தும்பியின் ஒரே ஒரு புழு ஒரு தொட்டிக் குஞ்சுகளைச் சூறையாடப் போதுமானது. சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர்கூட இளங்குஞ்சின் மென்தோலைக் கவ்விப் புண்படுத்தும். குளத்துச் சிற்றுயிர்களை இட வேண்டின், துணியில் வடித்து, வெள்ளைத் தட்டில் பரப்பி ஆராய்ந்த பின்னரே இடுதல் வேண்டும்.

அவித்த முட்டையின் மஞ்சட்கருவை இடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். வேறு உணவு கிடைக்காத நாளில் மட்டும், ஊசி முனையளவு எடுத்து நீரில் கரைத்து இடலாம். உணவை நாளொன்றுக்கு நான்கு வேளையாகப் பகிர்ந்து, அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே தருதல் முறை. இருளில் இரை தேடும் இயல்புடையதாதலால், கடைசி வேளை உணவை விளக்கணைக்கும் முன் இடுவது நன்மை பயக்கும்.

மிகுதியால் வரும் கேடு

தொட்டியில் மடியும் குஞ்சுகளுள் பட்டினியால் மடிவன சிலவே. உணவு மிகுதியால் மடிவனவே பல. உண்ணாது எஞ்சிய உணவும் குஞ்சுகளின் கழிவும் அழுகும்போது அமோனியா தோன்றுகிறது. பழகிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், பின்னர் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். மாகூர்க் குஞ்சுக்கோ அபாயமான காலம் முதல் இரண்டு வாரங்களே. எனவே புதிய தொட்டியில் நுண்ணுயிர் செய்ய வேண்டிய வேலையை வளர்ப்பவரின் கையே செய்ய வேண்டியுள்ளது.

அவ்வேலை கடினமானதன்று. நாள்தோறும் காலையில் மெல்லிய ரப்பர்க் குழாயின் வழியாக அடியிலுள்ள அழுக்குடன் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 லிட்டர் நீரை வடித்தெடுக்க வேண்டும். வடியும் நீரைத் தரையில் விடாமல் ஒரு வெண்ணிறப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அழுக்குடன் சேர்ந்து வந்துவிட்ட குஞ்சுகள் அதில் தெளிவாகத் தெரியும். அவற்றைக் கரண்டியால் நீருடன் மொண்டு மீண்டும் தொட்டியில் விடலாம். பின்னர், ஒரு நாள் முன்பே பிடித்து வைத்த அதே உஷ்ணநிலையுள்ள நீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரைத் திடீரெனக் கொட்டுவதாலும் குஞ்சுகள் மடியும்.

மேற்பரப்பை நோக்கி

பத்தாம் நாளையொட்டித் தொட்டியில் ஒரு புதிய காட்சியைக் காணலாம். அதுவரை அடியிலேயே கிடந்த குஞ்சுகளுள் ஒன்று விரைந்து மேலெழுந்து, நீர்ப்பரப்பைத் தொட்டு, உடனே கீழிறங்கும். அது தன் வாழ்நாளில் முதன்முறையாகக் காற்றை விழுங்கியது. அடுத்த இரண்டொரு நாட்களில் மற்றவையும் அவ்வாறே செய்யத் தொடங்கும்.

நீரின் ஆழம் குறைவாக இருக்க வேண்டியதன் காரணம் இப்பொழுது விளங்கும். ஒரு செண்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுக்குப் பத்து செண்டிமீட்டர் என்பது தன் உடலைப்போல் பத்து மடங்குத் தொலைவு. நீர் இதனினும் ஆழமாயின், ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவதிலேயே அதன் வலிமை செலவாகிவிடும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலமோ பாசிப் படலமோ இருத்தல் கூடாது. ஒரு காகிதத்தை நீர்மேல் பரப்பி எடுத்தால் படலம் அதனுடன் நீங்கிவிடும். தொட்டியின் வாயை வலைத்துணியால் மூட வேண்டும். காற்று புகவும் வேண்டும். வளரும் குஞ்சுகள் துள்ளி வெளியேறாமலும் இருக்க வேண்டும்.

இப்பருவத்தில் குஞ்சுகளின் வளர்ச்சி ஒரே சீராக இராது. பெரியவை சிறியவற்றைக் கடித்துத் தின்னவும் கூடும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பெரியவற்றைப் பிரித்து வேறொரு பாத்திரத்தில் விடுவதே இதற்கு மாற்று.

பள்ளியில் இத்தொட்டியின் பயன்

உயிரியல் ஆசிரியருக்கு இத்தொட்டி ஒரு நூலுக்கு நிகரானது. முதல் நாட்களில் குஞ்சின் உடல் பெரும்பாலும் ஒளி ஊடுருவத்தக்கதாக இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டே இதயத் துடிப்பையும், மஞ்சட்கரு நாளுக்கு நாள் சுருங்குவதையும் மாணவர் நேரில் காணலாம். தேதி, உஷ்ணநிலை, மடிந்த குஞ்சுகளின் எண்ணிக்கை, இட்ட உணவு, முதலில் காற்றை விழுங்கிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் முறையாக எழுதி வரச் செய்யலாம். பதினான்காம் நாளில், ஒரு குறிப்பிட்ட பத்து நிமிடத்தில் குஞ்சுகள் எத்தனை முறை மேலே வருகின்றன என்று காலை, பகல், மாலை மூன்று வேளையும் எண்ணி ஒப்பிடுவது எளிய ஆய்வு. இதற்காகக் காற்றூட்டத்தை நிறுத்திக் குஞ்சுகளைத் துன்புறுத்த வேண்டுவதில்லை.

கிராமங்களில் பணிபுரியும் களப் பணியாளருக்கும் இத்தொட்டி உதவும். மாகூர் எதிலும் வளரும் என்னும் நம்பிக்கையால் பொரித்த சில நாட்களிலேயே குஞ்சுகளைக் குளத்தில் விட்டு முற்றிலும் இழந்த விவசாயிக்கு, பத்துச் சொற்பொழிவுகள் உணர்த்தாததை, பத்தாம் நாளில் மேலெழும் ஒரு குஞ்சு உணர்த்திவிடும்.

பதினான்காம் நாளுக்குப் பின்

இரண்டு வாரங்கள் நிறைந்ததும் குஞ்சுகள் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளம் எய்தும். அபாயத்தின் பெரும்பகுதி அத்துடன் நீங்குகிறது. அதன்பின் ஆழமற்ற சிமெண்டுத் தொட்டிக்கோ சிறு நாற்றங்கால் குட்டைக்கோ அவற்றை மாற்றலாம். பொடி உணவுக்கும் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்னும் அயல்நாட்டு மீனின் குஞ்சுகள், தாய் மாகூர் என்னும் பெயரால் விற்கப்படுவதுண்டு. ஒரு மீட்டருக்கும் மேலாக வளரும் இம்மீன், நம் நீர்நிலைகளின் மற்ற மீன்களைத் தின்றழிக்கும் இயல்புடையது. இதனை வளர்த்தலை அரசாங்கம் தடை செய்துள்ளது. ஆகையால் குஞ்சுகளை அரசினர் பொரிப்பகத்திலிருந்தோ, மீன்துறை அலுவலர் உறுதி கூறும் இடத்திலிருந்தோ மட்டுமே பெறுதல் வேண்டும். தொட்டியில் வளர்ந்த மீன்கள் எவையாயினும், மீன்துறையின் யோசனையின்றி ஆற்றிலோ ஏரியிலோ விடுதல் கூடாது. அவற்றை ஏற்கும் வளர்ப்புக் குளத்திற்கு அளிப்பதே முறையாகும்.

வறண்ட குட்டையின் சேற்றிலும் உயிரைக் காத்துக்கொள்ளும் மாகூருக்குத் தன் முதல் பத்து நாட்களைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. இயற்கையில் ஆண் மீன் முட்டைகளைக் காத்து நிற்கிறது. பொரிப்பகக் குஞ்சுகளுக்கு அக்காவலன் இல்லை. அந்தக் காவல் தொட்டியை வைத்திருப்பவரின் கடமையாகிறது. ஆழமற்ற நீர், அளவான உணவு, நாள்தோறும் ஒரு வாளிப் புதுநீர் ஆகிய மூன்றுமே அதற்குப் போதுமானவை.